பிழைத்த சொல்

எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் குட் நியூஸ். முகத்துக்கு நேரே அண்ணன்தான். உள்ளூர்ப் பெண்களுக்கு அண்ணா, தெற்கேயிருந்து வந்த எங்களுக்கு அண்ணே. முதுகுக்குப் பின்னால் மட்டும் குட் நியூஸ். காலையில் ஸ்டாப்பில் நிற்கும்போது தூரத்தில் பஸ் தெரிந்ததும் யாராவது ஒருத்தி, "ஏய், எனக்கு குட் நியூஸ் வந்துருச்சுடி" என்பாள். கல்யாணமாகாத பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ, தெரியாது.

ராயக்கோட்டையில் கிளம்பி உத்தனப்பள்ளி வழியாக ஓசூர் சிப்காட்டுக்குப் போகும் ஷிப்ட் பஸ் அது. நான் உத்தனப்பள்ளியில் ஏறுவேன். விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். செல்போனுக்குள் போகும் பொடிப்பொடிச் சாமான்களைப் பெரிய கண்ணாடி வழியாகப் பார்த்து, கீறல் இருந்தால் தூக்கிப்போடுவது என் வேலை. எட்டு மணி நேரமும் குறை கண்டுபிடிக்கிறவள் நான். எதிலும் நல்லதையே கண்டுபிடிக்கிறவர் அவர். எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஒல்லியான மனிதர். இடது காலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டி ஓட்டுவார், கிளட்ச்சை வெறுங்காலால் மிதித்தால்தான் வண்டி சொன்னபடி கேட்கும் என்பார். பூப்பண்ணையில் கழித்துப்போட்ட ரோஜா ஒன்று தினமும் கண்ணாடிக்குக் கீழே செருகியிருக்கும். பஸ் கிளம்பியதும் பின்னால் இருப்பவர்களைப் பார்க்கிற கண்ணாடியை ஒரு தட்டு தட்டி, "ஒரு சேதி" என்பார். பஸ் முழுக்க அமைதியாகிவிடும்.

சேதி என்றால் நல்ல சேதி மட்டும்தான். தக்காளி விலை ஏறினால் அன்று தக்காளி போட்டிருக்கும் வீட்டுப் பெண்களைப் பார்த்துச் சொல்வார்: "உங்கப்பன் இந்த வாட்டி உனக்கு வண்டி எடுத்துக் குடுத்துருவாரு பாரு." விலை விழுந்தால் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் எங்கள் பக்கம் திரும்புவார்: "நாளைக்கு உங்க வூட்லல்லாம் தக்காளித் தொக்குதான்மா." ஏறினாலும் நல்லது, இறங்கினாலும் நல்லது. நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே, நேத்து ஏறுனது நல்லதுன்னீங்க. இன்னைக்கு இறங்குனது நல்லதுங்கிறீங்க. எதுதான் கெட்டது?"

"அது ஊரு சொல்லும்மா. கெட்டது சொல்றதுக்கு ஊர்ல ஆளா இல்ல?"

ஆள் இருந்தது. பல சமயம் அந்த ஆள் நானாக இருந்தேன். பாரூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண்ணின் அப்பா தவறிவிட்டார். ஆபீஸிலிருந்து டிரைவருக்குத்தான் போன் வந்தது. உத்தனப்பள்ளி தாண்டியதும் பஸ்ஸை ஓரங்கட்டினார். என்னைப் பார்த்துக் கண்ணால் கூப்பிட்டு, காதோடு காதாக விஷயத்தைச் சொல்லிவிட்டு, "வண்டிக்குத் தண்ணி ஊத்தணும்" என்று இறங்கிப் போய் போனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன். அவள் அழுது முடிக்கிற வரை அவர் தலையை வெளியே எடுக்கவில்லை. அது புது வண்டி. அதற்குத் தண்ணீரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அதன்பிறகு அவர் போனட்டைத் திறந்தாலே எங்கோ யாருக்கோ கெட்டது நடந்திருக்கிறது என்று பஸ்ஸில் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவருக்கு வாய்க்குள் ஒன்றாகவே கிடக்கும். எந்த ஸ்டாப்பில் யார் ஏறுகிறார்களோ அந்தப் பாஷை வெளியே வரும். ஆசை மட்டும் இங்கிலீஷ் மேல். எழுத்துக் கூட்டிப் படிப்பார். சிப்காட்டில் போர்டுகளுக்கா பஞ்சம்? சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கிற பஸ்ஸின் முதுகைப் படிப்பார். "பாடி பில்ட் பை" என்று எழுதி, கீழே கூண்டு கட்டின ஒர்க்‌ஷாப்பின் பெயர் இருக்கும். "பைன்னா என்னம்மா?" என்று கேட்டார். "'ஆல'ண்ணே. இன்னாரால கட்டப்பட்டதுன்னு அர்த்தம்" என்றேன். ஒரு வாரம் எல்லாவற்றுக்கும் பை போட்டார். இந்த டீ பை எங்க வூட்டம்மா. இந்தப் பள்ளம் பை பஞ்சாயத்து.

ஒரு தடவை டிரைவர்களுக்கெல்லாம் கம்பெனியில் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். அடிபட்டவரைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவர் 'சர்வைவ்' ஆவார், சர்வைவ் என்றால் உயிர் பிழைப்பது என்று வந்தவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த ஒரு சொல்லோடு அண்ணன் திரும்பி வந்தார். சொல்லென்றால் இப்படி இருக்கவேண்டும் என்பதுபோல ஒரு சந்தோஷம் முகத்தில்.

"எல்லா வார்த்தையிலயும் பெரிய வார்த்தை இதாம்மா. சர்வைவ். பொழைக்கிறது. அப்படிப் பாத்தா நீங்கல்லாம் பொழைக்க வந்தவங்கதான? நீங்க அத்தனை பேரும் சர்வைவ் பார்ட்டிங்க."

அன்றிலிருந்து பஸ்ஸில் அதே பேச்சு. ஆலங்கட்டி மழைக்கு அப்புறம் தக்காளிச் செடி நிமிர்ந்தால் சர்வைவ்டு. காலையில் மக்கர் பண்ணின பேட்டரி இழுத்துவிட்டால் சர்வைவ்டு. அரியர் பேப்பரில் பாஸான பெண்ணுக்கு பஸ்ஸே சேர்ந்து சொல்லும், சர்வைவ்டு. ஓடிவந்து கடைசி நிமிடத்தில் படியில் கால் வைத்தால் நான்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் கண்ணாடியில் பார்த்து, வாத்தியார் மாதிரி தலையாட்டுவார்.

முத்துமாரியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். லைன் வீட்டில் எனக்கு அடுத்த கதவு. தேனிப் பக்கத்துப் பெண். அவள் வீட்டுக்காரர் கணேசன் எங்கள் கம்பெனியில்தான் மெயின்டனன்ஸில் இருந்தார். சின்னதாக ஒரு பெண் குழந்தை. முத்துமாரி வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அவள் சிரித்தால் எங்கள் வீட்டு மிக்சி ஓடினாலும் கேட்கும், அப்படி ஒரு சிரிப்பு.

ஒரு நாள் டூவீலரில் வேலைக்குப் போகும்போது கணேசனை ஹைவேயில் லாரி தட்டிவிட்டது. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் தம்பி கூட இருந்தான். குழந்தையை வைத்துக்கொண்டு ஐசியூ வாசலில் நீ என்ன செய்வாய் என்று முத்துமாரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்தவள்தான். பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டு அவளோடு இருந்தேன். பஸ்ஸில் அண்ணன் சேதி சொல்வதையே நிறுத்திவிட்டு, தினமும் ஸ்டாப்பில் தலையை வெளியே நீட்டி, "கணேசனுக்கு எப்படி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனாராம்.

மூன்றாம் நாள் காலையில் அந்தத் தம்பி எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, அண்ணன் போயிட்டாருக்கா. மதினிகிட்டச் சொல்லிராதீங்க. சீரியஸா இருக்குன்னே சொல்லுங்க. பாடிய வாங்கிட்டு நாங்க வந்துர்றோம். ஊர்ல இருந்தும் ஆளுக வந்துரட்டும்."

நம் பக்கத்து வழக்கம் அதுதானே. செத்தவரின் பெண்டாட்டிக்குத்தான் கடைசியில் தெரியவேண்டும். அதுவரை தெருவே சேர்ந்து சீரியஸ் என்று சொல்லும். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வீட்டு ஓனரம்மா வந்து வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார். எதிர்வீட்டுப் பையன்கள் பைக்குகளைத் தள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனையில் நிறுத்தினார்கள், ஆம்புலன்ஸ் திரும்ப இடம் வேண்டுமே. யாரோ வாடகை நாற்காலிகளைக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே மறைத்து வைத்தார்கள். முத்துமாரி எல்லாவற்றையும் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா ஓனரம்மா இந்நேரத்துக்கு வாசல் தெளிக்கிறாங்க?"

"தூசியா இருந்துச்சாம்டி" என்றேன்.

கெட்ட செய்தி சொல்வதில் அந்த பஸ்ஸுக்கே பேர்போன நான், தூசி என்று சொன்னேன்.

மதியம் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற பஸ் வரும் நேரம். எங்கள் சந்து முனையில் பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. அங்கே ஸ்டாப்பே கிடையாது. பார்த்தால், அண்ணன் பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவருகிறார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. வாசலில் நின்ற ஓனரம்மாவைப் பார்த்து, "பதிக்காரும்மா, பதிக்காரு" என்று தெலுங்கில் கத்திக்கொண்டே வந்தார். ஓனரம்மா துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"பொழச்சுக்கிட்டாரும்மா! கணேசன் பொழச்சுக்கிட்டாரு! கம்பெனி போர்டுலயே ஒட்டிட்டாங்க. போட்டோ போட்டு, பேரு போட்டு ஒட்டியிருக்காங்க. என் கண்ணால படிச்சன். சர்வைவ்டுன்னு போட்டிருக்கு!"

முத்துமாரி எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"முழுசாக் கேளுங்கம்மா. சர்வைவ்டு பை ஒய்ஃப் முத்துமாரின்னு போட்டிருக்கு. பாப்பா பேரும் இருக்குது. பைன்னா ஆல. உங்களாலதாம்மா பொழச்சாரு. நீங்க கும்பிட்டது வீண்போவல. அதை இங்கிலீஷ்லயே எழுதி ஒட்டிட்டாங்க!"

கம்பெனியில் யார் இறந்தாலும் கேட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுவார்கள். எல்லா அறிவிப்பும் போல அதுவும் இங்கிலீஷில்தான். ஐடி கார்டுக்கு எடுத்த, லேசாகச் சிரிக்கிற போட்டோ. மேலே இருந்த பெரிய பெரிய சொற்கள் அவருக்குத் தெரியாதவை. தெரிந்த சொல் ஒன்றே ஒன்று அந்தத் தாளில் இருந்தது. அவர் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்ததும் அந்தச் சொல்லைத்தான். கேட்டில் இருந்த வடநாட்டு செக்யூரிட்டியிடம் "சர்வைவ்டு?" என்று கேட்டிருக்கிறார். அவனும் என்ன புரிந்துகொண்டானோ, தலையை ஆட்டியிருக்கிறான்.

முத்துமாரி அழவில்லை. சிரித்தாள். எங்கள் மிக்சிக்கு மேலே கேட்கிற அதே சிரிப்பு. தெருவில் நின்ற அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம்.

"உக்காருங்கண்ணே. டீ போடுறேன். டீ குடிக்காம போகக்கூடாது" என்று உள்ளே ஓடினாள். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. மூன்று நாளாகப் பற்றாத அடுப்பு. உள்ளேயிருந்தே பேசினாள். "அக்கா, கண்ணு முழிச்சதும் என்னையத்தான் தேடுவாரு. சாயங்காலம் பஸ் ஏறிருவோமாக்கா? நேத்து நீங்க கொண்டாந்த சோறு கெட்டுருச்சா பாருங்க, எனக்கு இப்பத்தான் பசிக்கிது."

அண்ணன் சந்தோஷமாக என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஓனரம்மாவை, தெளித்த வாசலை, மாடிப்படிக்குக் கீழே இருந்த நாற்காலிகளை. சிரிப்பு அவர் முகத்திலிருந்து போகவில்லை. போகத் தெரியாமல் அங்கேயே நின்றது. திரும்பி நடந்து, சந்து முனையில் பஸ்ஸின் போனட்டைத் திறந்தார்.

நான் பின்னாலேயே போனேன்.

"காலையிலயே போயிட்டாருண்ணே. வந்துக்கிட்டு இருக்காங்க."

"போர்டுல..."

"அதுக்கு அந்த அர்த்தம் இல்லண்ணே."

என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை. சூடான இஞ்சின்மேல் கையை வைத்தபடி நின்றார். சுட்டதா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு, "நான் உண்டாக்கினது. நானே போய் சொல்றன்" என்றார். என் நினைவில், ஒரு கெட்ட சேதியைச் சொல்ல அவர் எடுத்துவைத்த ஒரே அடி அதுதான். வாசல் வரை போனார். அதற்குள் முத்துமாரி டீயோடு வந்துவிட்டாள். தலையைச் சீவி முடிந்திருந்தாள். அவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவருக்கு வாய் திறந்தது. குடித்தது ஒரு வாய்தான்.

"என்னண்ணே, சீனி பத்தலையா?"

"போதும்மா" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஷிப்டுக்கு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சாப்பிட்டாள். குழந்தைக்கும் ஊட்டினாள். கொஞ்சம் தூங்கக்கூடத் தூங்கினாள். வெயில் இறங்கும் நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. சத்தம் கேட்டு எழுந்து வந்தவள், "அதுக்குள்ள டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாள். அவளைப் பிடித்துக்கொள்ளத்தான் என்னால் முடிந்தது.

அதற்குப் பிறகு பஸ்ஸில் சேதி நின்றுபோனது. தக்காளி ஏறியது, இறங்கியது. ஏரி நிரம்பியது. ஒரு பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. அவர் கண்ணாடியைத் தட்டவேயில்லை. குட் நியூஸ் என்ற பெயரும் யார் வாயிலும் வரவில்லை. அந்த இங்கிலீஷ் சொல்லை எந்தப் பெண்ணும் அந்த வண்டிக்குள் சொல்லவில்லை. கண்ணாடிக்குக் கீழே ரோஜாவும் இல்லை.

ஒருநாள் பஸ் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். "தெரியாம நடந்ததுண்ணே. விடுங்க" என்றேன். விடுங்கள் என்று சொல்வதைப்போல உதவாத சொல் உலகத்தில் இல்லை. இருந்தாலும் அதைத்தான் சொன்னேன். அவர் வேறு எங்கிருந்தோ பேச ஆரம்பித்தார்.

"எங்களுக்கு நாட்றாம்பாளையம் பக்கம்மா. மலை. அப்ப ஏது போனு? சாவு சேதி சொல்றது எங்க ஆளுங்க வேலைன்னு ஊருல வெச்சிருந்தாங்க. எந்தப் பெரிய வூட்ல செத்தாலும் எங்கப்பன்தான் காட்டுக்குள்ள நடந்துபோய் ஒறவு ஊருக்கெல்லாம் சொல்லணும். முடியாதுன்னு சொல்ல முடியாது. அவரு தலை ஊரு எல்லையில தெரிஞ்சா போதும், பொம்பளைங்க மாருல அடிச்சிக்குவாங்க. யாரு செத்தாங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடியே. சும்மா ஆட்டுக்குட்டி வாங்கப் போனாக்கூட அவரைப் பாத்தா ஒரு நிமிசம் ஜனங்களுக்கு மூஞ்சி செத்துப்போவும். நான் கூடப் போயி பாத்திருக்கறன். லைசென்சு எடுத்த அன்னைக்கு நெனச்சன், என் மூஞ்சியப் பாத்தா ஜனம் சிரிக்கணும்னு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"எங்கப்பன் அத்தனை சாவு சொன்னாரு. ஒண்ணுகூடத் தப்பா சொன்னதில்லம்மா."

வீட்டுக்கு வந்தும் அந்தத் தப்பு என்ற சொல்லே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிழை என்றால் தப்பு. பிழைத்தான் என்றால் உயிரோடு இருக்கிறான். பிழைப்பு என்றால், எங்களையெல்லாம் ஊரைவிட்டு இங்கே கொண்டுவந்து போட்டிருப்பது. மூன்றையும் ஒரே சொல்லில் போட்டு வைத்துக்கொண்டு எத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சில மாதத்தில் முத்துமாரிக்குக் கம்பெனியிலேயே பேக்கிங்கில் வேலை கொடுத்தார்கள். மாமியார் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அவள் எப்படி வேலைக்குப் போவாள்? அதே பஸ்ஸில்தான். முதல் நாள் அவள் ஏறும்போது டிரைவர் சீட்டில் இருந்தவர் ரோட்டைப் பார்த்தபடி சிலைமாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் அவரைத் தாண்டி நடந்து கடைசி சீட்டுக்குப் போனாள். தினமும் அப்படித்தான். மழை பெய்தால் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நிற்காது, எங்கள் சந்து முனைக்கே வந்து நிற்கும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவளும் அதற்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

ஒருநாள் நிஜமாகவே வண்டி நின்றுபோனது. எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். அவர் போனட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டிருந்தார். முத்துமாரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அவர் நிமிர்ந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிருங்கம்மா."

"எனக்கு அவரு ரெண்டு தடவ செத்தாருண்ணே" என்றாள். குரல் உயரவில்லை. "மத்தவங்களுக்கெல்லாம் ஒரு தடவ. எனக்கு மட்டும் ரெண்டு. இந்த வண்டியக் கொளுத்தணும் போல இருந்துச்சு. இதுல ஏறவே கூடாதுன்னு இருந்தேன். வேற கதி இல்லாமத்தான் ஏறுனேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெறகு கடைசி சீட்டுல உக்காந்து உக்காந்து யோசிச்சேன். அன்னைக்கு என் வாசல்ல நின்ன அத்தனை பேருக்கும் நெசம் தெரியும். ஒருத்தரும் சொல்லல. இந்த அக்கா தூசின்னுச்சு. நீங்க ஒருத்தருதாண்ணே நெசம்னு நெனச்சதச் சொன்னீங்க. அது பொய்யாப் போனதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

"அந்த வார்த்தைக்கு நெசமா என்னண்ணே அர்த்தம்?"

அவர் என்னைப் பார்த்தார். அன்று போனட் பக்கத்தில் அவர் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது அவள் கேட்டாள். நான் தெரிந்த மட்டும் சொன்னேன். நாம் ஒருவர் இறந்தால் மனைவி மக்களை விட்டுப்போனார் என்போம். போகிறவர் விட்டுப்போகிறார். இங்கிலீஷ்காரன் அதைத் திருப்பிப் போடுகிறான். அவர் போனபிறகும் இன்னார் இன்னார் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்வதற்குத்தான் அந்தச் சொல்.

அண்ணன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். "அப்ப, பொழச்சாங்கன்னு அந்தத் தாளு சொன்னது கணேசனை இல்ல. இவங்களையா?"

"ஆமாண்ணே."

"வார்த்தை சரிதான். ஆளத்தான் மாத்திட்டன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முத்துமாரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "கம்பெனிக்காரன் போர்டுல எழுதிட்டான்" என்றாள். "நான் பொழச்சேனா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியலண்ணே."

மாற்று வண்டி வந்தது, ஏறிப் போனோம். அன்றிலிருந்து அவள் கடைசி சீட்டை விட்டுவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான் மாற்றம். அவர் கண்ணாடியைத் தட்டவில்லை. ஆனால் அடிக்கடி அதைப் பார்ப்பார். ரோட்டைப் பாருங்கள் என்று ஒருத்தி திட்டக்கூடத் திட்டினாள்.

வருடங்கள் போயின. முத்துமாரியின் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். முத்துமாரி பேக்கிங்கிலிருந்து எங்கள் செக்‌ஷனுக்கு வந்தாள். ஒருநாள் காலை, தக்காளி விலை வானத்துக்கு ஏறியிருந்த சமயம். புதிதாக வந்த சூப்பர்வைசர் பெங்களூர்க்காரர். அவர் தமிழில் திட்ட முயன்றதை முத்துமாரி பஸ்ஸில் நடித்துக் காட்டினாள். எப்படித் திட்டினாலும் தாலாட்டுபோல வரும் அவருக்கு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். எனக்கு முதலில் அது யார் சிரிப்பு என்றே தெரியவில்லை. இஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. பிறகுதான் புரிந்து, கண் நிறைந்துவிட்டது.

பஸ் மெதுவானது. முன்னால் கண்ணாடியில் டொக் டொக் என்று விரல் தட்டுகிற சத்தம்.

"ஒரு சேதி."

பழைய ஆட்கள் சட்டென்று அடங்கினார்கள். புதுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னண்ணா சேதி?" என்றாள் ஒருத்தி.

"பொழச்சுக்கிட்டாங்க."

"யாருண்ணா?"

கண்ணாடியில் அவர் கண் போன இடத்துக்கு எல்லாரும் திரும்பினோம். முத்துமாரி. இந்த மனிதர் மறுபடியும் அவசரப்பட்டுவிட்டாரோ என்று பயந்தேன். அவள் சிரிப்பு நின்றுபோயிருந்தது. முந்தானையால் கண்ணையும் மூக்கையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"போர்டுல போட்டுட்டாங்களாண்ணே?"

அவர் கியரை மாற்றினார்.

"போர்டைப் பாத்துச் சொல்லலம்மா. உங்களைப் பாத்துச் சொல்றன்."